முகமூடி ராப்பர், பத்து நொடிப் பெட்டி, ஒற்றைப் பிரதி ஆல்பம்... தெரியுமா உங்களுக்கு?

ஹிப் ஹாப் பிறந்த அன்று நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட்! நாள்: 1973 ஆகஸ்ட் 11. இடம்: நியூயார்க், பிராங்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற இளம்பெண் ஏற்பாடு செய்த பார்ட்டி அது. பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். வயது 18! பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் இடத்தில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கவனித்த மனிதர் அவர். ஒரே இசைத்தட்டை இரண்டாக வாங்கி வைத்து, அந்தச் சில நொடிகளை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார். இத்தனை கோடிப் பேர் தலையாட்டும் இசைக்கு விதை அந்தச் சில நொடிகள்தான்!

*

ராப் விமர்சனத்தின் வேதப்புத்தகம் எங்கே அச்சானது தெரியுமா? பிராங்ஸிலா? புரூக்ளினிலா? இல்லவே இல்லை, ஹார்வர்டில்! 1988-ல் டேவிட் மேய்ஸ், ஜான் ஷெக்டர் என்ற இரண்டு மாணவர்கள், தாங்கள் நடத்திய வானொலி நிகழ்ச்சியின் நேயர்களுக்காக ஒரே ஒரு தாளில் செய்திமடல் போட்டார்கள். பெயர் 'தி சோர்ஸ்'. அந்த ஒற்றைத் தாள்தான் பின்னால் அமெரிக்கா முழுக்க ராப் பாடகர்கள் பயத்தோடு புரட்டிய பத்திரிகை!

மதிப்பெண் எப்படிப் போட்டார்கள்? நட்சத்திரம் கிடையாது, மைக்! ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் ஐந்து மைக். பிறகு 1997-ல் வந்த 'எக்ஸ்எக்ஸ்எல்' பத்திரிகை என்ன செய்தது தெரியுமா? ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சட்டை அளவிலேயே மதிப்பெண் கொடுத்தது! ஆல்பம் அற்புதம் என்றால் எக்ஸ்எக்ஸ்எல்!

*

ஐந்து மைக் வாங்கிய ஒரு இருபது வயதுப் பையனின் கதை தெரியுமா?

பெயர் நாஸ். ஊர் நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ். 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பிரம்மாண்டமான அரசுக் குடியிருப்பு. 1994 ஏப்ரல் 19 அன்று அவருடைய முதல் ஆல்பம் 'இல்மேட்டிக்' வெளிவந்தது. பத்தே டிராக்! மொத்தம் 40 நிமிடம்கூட இல்லை! ஒரு ஆல்பத்துக்கு ஒரு தயாரிப்பாளர் என்பதே வழக்கமாக இருந்த நாளில், டி.ஜே. பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபஸர், எல்.ஈ.எஸ். என்று ஐந்து பேர் இந்தப் பையனுக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு பாட்டின் முடிவில் மெல்லக் குழைந்து வரும் கார்னெட்டை ஊதியவர் யார்? நாஸின் அப்பா, ஜாஸ் கலைஞர் ஓலு டாரா! அட்டையில் இருக்கும் சிறுவன் யார்? நாஸேதான், ஏழு வயதில்!

'ஷார்ட்டி' என்ற பெயரில் மின்யா ஓ என்ற பெண் 'தி சோர்ஸ்'-ல் விமர்சனம் எழுதினார். ஐந்துக்கு ஐந்து! ஆனால் விற்பனை? ஐந்து லட்சத்தை எட்டிக் 'கோல்டு' ஆகவே 1996 வந்துவிட்டது. பத்து லட்சத்துக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைக்காரர்களின் கணக்கு ஏழு வருடம் கழித்துத்தான் அந்த விமர்சகரை எட்டிப் பிடித்தது! அதோடு நின்றதா? ஹார்வர்டில் 2013-ல் நாஸ் பெயரிலேயே ஹிப் ஹாப் ஆய்வு நல்கை. 2014-ல் வாஷிங்டன் தேசிய சிம்பொனி இசைக்குழுவோடு மேடை. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலமெல்லாம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'இல்மேட்டிக்'கைச் சேர்த்தது. நாற்பது நிமிடத்துக்கு இத்தனை மரியாதை!

*

ஆனால் என்னைக் கேட்டால், ஐந்து மைக்கைவிடப் பெரிய அதிசயம் அதே பத்திரிகையின் ஓர் ஓரத்தில் இருந்தது. 'அன்சைன்டு ஹைப்' என்று ஒரு பத்தி. எந்த கம்பெனியும் ஒப்பந்தம் போடாத, ஊர் பேர் தெரியாத ராப்பர்களின் டெமோ கேசட்டைக் கேட்டு எழுதும் இடம். அதில் யார் யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

1991-ல் டி.எம்.எக்ஸ். அவர் தன் முதல் ஆல்பத்தைப் போட ஏழு வருடம் ஆனது. ஆனால் போட்டார் பாருங்கள்! 1998 என்ற ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம், இரண்டுமே வந்தவுடன் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்!

1992-ல் புரூக்ளினிலிருந்து ஒரு கனத்த குரல். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.! பத்தியை எழுதிய மேட்டி சி கையிலிருந்த அந்த டெமோ, தயாரிப்பாளர் ஷான் கோம்ஸ் காதுக்குப் போனது. இரண்டே வருடத்தில் 'ரெடி டு டை' கடைகளில்!

1998-ல் டெட்ராய்டிலிருந்து எமினெம். மறு வருடமே வந்த 'தி ஸ்லிம் ஷேடி எல்.பி.'க்குக் கிராமி விருது!

காமன், மாப் டீப் எல்லாரும் இதே ஓரத்து வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்தான். புகழ்பெற்றவருக்கு மதிப்பெண் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தபாலில் வந்த கேசட்டைப் போட்டு முழுசாகக் கேட்பவர் எத்தனை பேர்? விமர்சனம் என்ற வேலையின் உச்சம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்!

*

வெறும் 10 நொடியில் ஒரு பொற்காலம் பிறக்குமா? பிறந்ததே!

1987-ல் வந்த 'எஸ்பி-1200' என்ற சாம்ப்ளர் பெட்டியில் மொத்தமாகச் சேமிக்க முடிந்த ஒலி சுமார் 10 நொடிதான். டிரம்ஸ், பேஸ், எக்காளம் எல்லாமே அந்தப் பத்து நொடிக்குள் அடங்க வேண்டும்! பையன்கள் என்ன தந்திரம் செய்தார்கள் தெரியுமா? நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டினார்கள். பாட்டு கீச்சுக்குரலில் விர்ரென்று ஓடும். அந்த வேகத்திலேயே பெட்டிக்குள் பதிவுசெய்துவிட்டு, உள்ளே போனபின் வேகத்தை இறக்கிப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து நொடி இடத்தில் பதின்மூன்றரை நொடி இசை!

இன்னொரு ஆச்சரியம்! இப்படி இறக்கும்போது ஒலி கொஞ்சம் கரகரவென்று மணல் தூவியது போல மாறும். அந்தக் கரகரப்பே பிறகு எல்லாரும் தேடிப்போகும் ருசியாகிவிட்டது. பீட் ராக் தயாரித்து 1992-ல் வந்த 'டி.ஆர்.ஓ.ஒய்.' பாட்டின் அந்த உருக்கமான சாக்ஸபோன், இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்!

*

ஷேக்ஸ்பியரைச் சொல்வளத்தில் முந்திய ராப்பர் உண்டு, தெரியுமா?

2014-ல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணிப்பார்த்தார். அதே அளவு ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதியில் 5,170. 'மோபி டிக்' எழுதிய மெல்வில் 6,022. முதலிடம் யாருக்கு? ஏசாப் ராக் என்ற அண்டர்கிரவுண்ட் ராப்பருக்கு! 7,392 சொற்கள்! அவர் பெயரைச் சூப்பர்ஸ்டார்கள் பட்டியலில் தேடினால் கிடைக்காது. கடைசி இடம்? நாம் மேலே பார்த்த டி.எம்.எக்ஸ்., 3,214. ஆனால் அவர்தான் ஒரே வருடத்தில் இரண்டு முறை முதலிடம் பிடித்தவர்! சொல் எத்தனை என்பது ஒன்று, சொல்லும் நெஞ்சு வேறொன்று.

வேகக் கணக்கும் வேண்டுமா? எமினெமின் 'ராப் காட்': 6 நிமிடம் 4 நொடியில் 1,560 சொற்கள்! நொடிக்கு நான்குக்கும் மேல்! கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

*

கேசட் வாங்க வரிசையில் நின்ற கார்களைப் பார்த்து, போதைப்பொருள் விற்கிறார்களோ என்று போலீசே சந்தேகப்பட்டது தெரியுமா? ஹூஸ்டனில் டி.ஜே. ஸ்க்ரூ வீட்டு வாசலில்தான் இந்தக் கூத்து! பாட்டின் வேகத்தைத் தேன் வழிவதுபோல் இறக்கி, சாம்பல் நிறக் கேசட்டுகளில் பதிந்து விற்றார். வானொலி கிடையாது, விளம்பரம் கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது. 2000-ல் 29 வயதிலேயே மறைந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன? ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில்!

*

முகத்தையே காட்டாமல் உலகப் புகழ் பெற முடியுமா? எம்.எஃப். டூம் பெற்றார்!

லண்டனில் பிறந்து நியூயார்க் பக்கம் வளர்ந்தவர் டேனியல் டுமிலே. தம்பி சப்ராக்குடன் 'கே.எம்.டி.' குழுவில் பாடினார். 1993-ல் தம்பி கார் மோதி இறந்துபோனார். அடுத்த வருடம், தயாராக இருந்த ஆல்பத்தை அட்டைப்பட சர்ச்சையால் கம்பெனி கைவிட்டது. சில வருடம் ஆளையே காணோம்! திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு காலுறைத் துணி. பிறகு அது உலோக முகமூடியானது. மார்வெல் காமிக்ஸின் டாக்டர் டூம் என்ற வில்லனிடமிருந்து பெயர்! சில கச்சேரிகளுக்குத் தன் முகமூடியைப் போட்டு வேறு ஆளையே மேடைக்கு அனுப்பிவிட்டார் என்பது தெரியுமா? ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்!

அவரும் தயாரிப்பாளர் மேட்லிப்பும் சேர்ந்து செய்த 'மேட்வில்லனி' 2004 மார்ச்சில் வந்தது. 22 டிராக், 46 நிமிடம், பல்லவி என்ற பேச்சே அநேகமாகக் கிடையாது! அதன் பீட்டுகள் பல, பிரேசில் ஹோட்டல் அறையில் ஒரு சின்ன சாம்ப்ளர், கையடக்க டர்ன்டேபிள், கேசட் டெக் இவற்றைக்கொண்டே செய்யப்பட்டவை. அதே பிரேசில் பயணத்தில் டெமோ திருடுபோய், ஆல்பம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே இணையத்தில் பரவிவிட்டது. வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். டூம் என்ன செய்தார்? துள்ளலான குரலை விட்டுவிட்டு, நிதானமான, தூக்கக் கலக்கம் போன்ற குரலில் மறுபடியும் பாடிப் பதிந்தார்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள்; அந்தத் திருட்டுக்கு நன்றி சொல்லத் தோன்றும்! பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 9.4.

2020 அக்டோபர் 31 அன்று டூம் இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது எப்போது? டிசம்பர் 31 அன்று! இரண்டு மாதம்! மறைந்த பிறகும் முகமூடி கழலவில்லை!

*

முடிவில் தொடங்கி ஆரம்பத்தில் முடியும் ஆல்பம் தெரியுமா? தயாரிப்பாளர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்'! முதல் டிராக்கின் பெயர் 'அவுட்ரோ', கடைசி டிராக்கின் பெயர் 'இன்ட்ரோ'. கடைசியும் முதலும் ஒட்டிக்கொண்டு வட்டமாக ஓடும். வெளியான நாள் 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாள். மூன்றே நாளில் அவர் இல்லை! அவர் விரல் பட்ட 'எம்பிசி' சாம்ப்ளர் பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்.

*

வெளிவந்து 34 வருடம் கழித்து ஸ்ட்ரீமிங்குக்குள் நுழைந்த ஆல்பம்? டி லா சோலின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைஸிங்'! 1989-ல் வந்தது. உள்ளே இருந்த சாம்பிள்களின் ஒப்பந்தங்கள் எல்லாம் இசைத்தட்டு, கேசட் காலத்து எழுத்து. அந்தச் சிக்கல் தீர்ந்து ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச் 3! குழுவின் ட்ருகாய் அதற்குச் சில வாரம் முன்புதான் காலமானார். இதை எழுதும்போதே மனசு வலிக்கிறது.

*

நம் உருமி மேளம் உலக விமர்சகர்களைச் சாய்த்தது தெரியுமா? ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ.! முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர், 'அருளர்'. இரண்டாவதுக்கு அம்மா பெயர், 'கலா'. அதில் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அதிர்வது உருமி! 'பாம்பூ பாங்கா'வில் ஒலிப்பது 'தளபதி' படத்துக்கு இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு'! ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2007-ன் முதன்மை ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது எதை? இதைத்தான்!

*

இலவசமாகக் கிடைக்கும் ஆல்பத்தை 100 டாலர் கொடுத்து வாங்குவார்களா? வாங்கினார்களே! 2013-ல் லாஸ் ஏஞ்சலஸின் நிப்ஸி ஹஸ்ஸல், 'கிரென்ஷா'வை இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டு, ஆயிரம் பிரதி மட்டும் அச்சடித்து ஒன்று 100 டாலர் என்றார். ஒரே நாளில் காலி! அதில் நூறு பிரதியை மொத்தமாக வாங்கியவர் ஜே-ஸீ!

*

அதுவாவது ஆயிரம் பிரதி. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள ஆல்பத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவது?

வு-டாங் கிளான் குழுவின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஷாவோலின்'. ஆறு வருடம் ரகசியமாகப் பதிந்தது. இரண்டு சிடி, 31 டிராக், வேலைப்பாடு மிக்க வெள்ளிப்பெட்டி! 2015 மார்ச்சில் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சுமார் 150 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு நேரம்? 13 நிமிடம்! அதே வருடம் 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர் மருந்து கம்பெனி அதிபர் மார்ட்டின் ஷ்க்ரேலி. அவர் மோசடி வழக்கில் சிறைக்குப் போக, 2018-ல் அமெரிக்க அரசு ஆல்பத்தைப் பறிமுதல் செய்தது! 2021-ல் ப்ளீசர்டாவோ என்ற குழு 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 ஜூனில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மோனா அருங்காட்சியகத்தில், அரை மணி நேரத் தொகுப்பு ஒன்றை மட்டும் மக்கள் கேட்டார்கள்.

வணிகரீதியாக முழு ஆல்பம் எப்போது வெளிவரலாம்? ஒப்பந்தப்படி 2103-ல்! புது உரிமையாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: ஒரு டாலர் கொடுத்து ஒருவர் வாங்கினால், காத்திருப்பில் 88 நொடி குறையும். எண்பது வருடம் போலக் காத்திருப்பு முழுவதையும் இப்படிக் கழிக்க எத்தனை டாலர் வேண்டும்? சுமார் 2 கோடியே 80 லட்சம்!