வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

100 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 14,700 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோ ஜூல். ஆகவே கீசருக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் செலவு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதை மறுபடியும் வெப்பமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதல்லவா?

கோவையில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் நாள்தோறும் சராசரியாக ஐந்து யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் சூரியத் தகடு அதில் பாதியைப் பிடித்தாலே போதும். சூடான நீர் அடர்த்தி குறைந்து தொட்டிக்கு ஏறும். குளிர்ந்த நீர் தகட்டுக்கு இறங்கும். பம்பு தேவையில்லை. அடைமழை நாட்களுக்கு மட்டும் தொட்டிக்குள் ஒரு மின்சுருள் வேண்டும்.

ஆனால் தண்ணீரைக் கவனியுங்கள். சிறுவாணி நீர் மென்னீர். நம் போர்வெல் நீர் பெரும்பாலும் கடினநீர். சூடானால் அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டாகப் படியும். இயற்பியல் கற்பிக்கும் நானே இதை மறந்து, மெல்லிய செம்புக் குழாய்கள் கொண்ட தகட்டை வாங்கினேன்; மூன்றாம் ஆண்டில் குழாய்கள் அடைத்துக்கொண்டன! இத்தகைய நீருக்கு அகன்ற வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களே ஏற்றவை. உங்கள் வீட்டு நீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.