இலவசமாகத் தந்தும் வேண்டாத சிப்

பத்து லட்சம் பிராசசர்களைக் காசே வாங்காமல் தருகிறோம் என்று சிப் நிறுவனமான ஏ.எம்.டி. சொன்னது. ஒரு கணினி நிறுவனம் அதில் 1,60,000 மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறுத்துவிட்டது. 2009 மே மாதம் அதன் பெரிய போட்டியாளரான இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தபோது ஐரோப்பிய ஆணையம் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி இது. இலவசச் சிப்களை முழுவதும் ஏற்றிருந்தால், இன்டெலிடம் வாங்கிவந்த லட்சக்கணக்கான பிராசசர்களுக்கான தள்ளுபடி கைநழுவியிருக்கும். அந்தத் தள்ளுபடி, வாங்கும் எண்ணிக்கைக்காக மட்டும் தரப்பட்டதல்ல; தேவையின் பெரும்பகுதியை இன்டெலிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. குளிர்பான நிறுவனம் பெட்டிக்கடைக்கு இலவசமாக ஃபிரிட்ஜ் கொடுத்துவிட்டு, வேறு பாட்டிலை அதில் வைக்கக் கூடாது என்பதைப் போன்றது அது.

இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டால் கணினி செய்பவருக்கு லாபம்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். அவருக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கும்வரைதான் அது உண்மை. ஏ.எம்.டி.யால் சந்தை முழுவதற்கும் சிப் செய்து தர இயலாத காலத்தில், எந்தப் பெரிய தயாரிப்பாளராலும் இன்டெலை விட்டுவிட முடியாது. தன்னிடம் வாங்கியே ஆக வேண்டிய பகுதியின் விலையை நெம்புகோலாக்கி, இன்டெல் போட்டியாளருக்குப் போகக்கூடிய சிறு பகுதியையும் மடக்கிவிடலாம். பழகிப்போனால் அந்தத் தள்ளுபடியே வருமானமாகிவிடும். 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் கணினி நிறுவனமான டெல்லின் செயல்பாட்டு வருமானத்தில் 76 சதவீதத்துக்கு இன்டெல் தந்த பணமே ஈடாக இருந்தது என்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2010-இல் குற்றம்சாட்டியது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் 10 கோடி டாலர் கட்டி டெல் வழக்கை முடித்துக்கொண்டது.

தள்ளுபடியால் கணினி மலிவாகிறதே, அதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐரோப்பிய ஆணையத்தின் பொருளாதார ஆய்வு போதாது என்று 2022-இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றமும் இன்டெலின் 2009 அபராதத்தை ரத்து செய்தது. ஆனால் ஏ.எம்.டி. கணினிகளைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ ஹெச்.பி., ஏசர், லெனோவோ நிறுவனங்களுக்கு இன்டெல் பணம் கொடுத்தது தவறு என்ற முடிவு நின்றது. 2023-இல் அதற்காக 37.6 கோடி யூரோ புதிய அபராதம் வந்தது. மேலும், இன்று கிடைக்கும் சிறு மலிவை மட்டும் பார்த்தால் நாளை வராமல்போகும் பொருள் கண்ணில் படாது. போட்டி இருந்தபோது, ஏ.எம்.டி. 2003-இல் 64-பிட் ஆப்டெரான் சிப்பைக் கொண்டுவந்த மறு ஆண்டே இன்டெலும் அதே வழிக்கு வந்தது. பிறகு ஏ.எம்.டி. தளர்ந்த ஆண்டுகளில், சாதாரண மேசைக் கணினிக்கான இன்டெல் சிப் நான்கு கோர்களோடு, அதாவது நான்கு கணிப்பு அலகுகளோடு, நின்றது. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் எட்டு கோர் ரைசன் சிப் வந்தபின், அந்த அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர்களுக்கு நகர்ந்தது.

இதில் வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. அரசு அலுவலகங்கள் டெண்டரில் இன்டெல் என்று பெயர் குறிப்பிட்டுக் கணினி கேட்பதைப் பற்றி 2004-இல் ஐரோப்பிய ஆணையம் இத்தாலியிடமும் ஜெர்மனியிடமும் கேள்வி கேட்டது. பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கணினி வாங்குகிறவர்கள் வேகத்தையும் நினைவகத்தையும் மின்செலவையும் எழுதிக் கேட்கட்டும். பெயரை எழுத வேண்டாம். பெயர் எழுதப்பட்ட டெண்டரில் மற்ற நிறுவனம் எவ்வளவு நல்ல சிப் செய்தாலும், கணினி தயாரிப்பாளர் அதைத் தொட மாட்டார்.