யூஎஸ்பி பிட்கொயின் மைனர்: ஏப்ரல் 30க்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

வருமான வரித்தாக்கலுக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். இந்தப் பருவத்தில் எங்களுக்கு வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது. பிள்ளையோ மருமகனோ ஒரு யூஎஸ்பி பிட்கொயின் மைனரை வாங்கிப் பேஸ்மென்ற்றில் பூட்டியிருக்கிறார். அது இரவு பகலாக ஓடுகிறது. இதை வரிப் படிவத்தில் காட்ட வேண்டுமா, காட்டாவிட்டால் தண்டம் வருமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், தூங்கும்போதும் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி, ஒன்றுக்குப் பத்தாக வாங்கினால் மோட்கேஜ் கட்ட உதவுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பயப்படுபவருக்கும் ஆசைப்படுபவருக்கும் தேவைப்படுவது ஒரே கணக்குத்தான். பிட்கொயின் என்றால் என்ன, வொலெட் எப்படித் திறப்பது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே கணக்குக்குப் போவோம்.

பூட்டுவது எதை?

இந்த வகையில் முதலில் பெயர் எடுத்தது 2013இல் வந்த பிளாக் எரப்டர். நொடிக்கு 333 மெகாஹாஷ் வேகம் (ஹாஷ் என்பது கட்டம் எழுதுவதற்கான புதிருக்கு விடை தேடும் ஒரு கணிப்பு), இரண்டரை வாட் மின்சாரம். அக்காலச் சாதாரண யூஎஸ்பி துளை தரக்கூடிய சக்தியே அவ்வளவுதான். இன்று வாங்கக் கிடைக்கும் கெக்கோசயன்ஸ் கொம்பாக் எஃப் போன்றவை நொடிக்குச் சுமார் 300 கிகாஹாஷ் ஓடும். அவற்றை மடிக்கணினியில் நேரே செருகக் கூடாது. தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் வேண்டும், அலுமினியத் துடுப்புகளுக்கு நேரே ஒரு சிறு மின்விசிறியும் வேண்டும்.

சீஜிமைனர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பலர் வேகத்தைச் சேர்த்துப் பரிசைப் பங்கிடும் மைனிங் பூல் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் கறுப்புத் திரையில் வரிகள் ஓடத் தொடங்கும். கவனிக்க வேண்டியவை மூன்று எண்கள். ஏ என்பது பூல் ஏற்றுக்கொண்ட விடைகள். ஆர் என்பது தள்ளுபடியானவை. எச்டபிள்யூ என்பது சிப் தவறாகக் கணித்தவை. மூன்றாவது எண் விறுவிறுவென ஏறினால் வேகத்தைக் கூட்டிவிட்டீர்கள், அல்லது ஹப் போதிய மின்சாரம் தரவில்லை. ஏ ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பணம் கொட்டுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேலை நடக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

உங்கள் பங்கு ஏன் தானாகச் சுருங்குகிறது?

விற்பவர்கள் பேசாமல் விடும் இடம் இதுதான். பிட்கொயின் வலையமைப்பு சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் (பிளொக்) எழுதுகிறது. எழுதியவருக்கு இப்போது 3.125 பிட்கொயின் பரிசு. உலகில் பத்துப் பேர் மைன் செய்தாலும் பத்துக் கோடிப் பேர் செய்தாலும் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்க வேண்டும். அதற்காக 2,016 கட்டங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மென்பொருள் தானே திரும்பிப் பார்க்கிறது. கட்டங்கள் வேகமாக எழுதப்பட்டிருந்தால் புதிரைக் கடினமாக்குகிறது, மெதுவாக எழுதப்பட்டிருந்தால் இலகுவாக்குகிறது. ஒரே தடவையில் நான்கு மடங்குக்கு மேல் ஏறவோ நான்கில் ஒன்றுக்குக் கீழ் இறங்கவோ விடாது. குழுக் கூடுவதில்லை, வாக்கெடுப்பில்லை, மேல்முறையீடும் இல்லை.

பானையில் சோறு அதேயளவு. பந்தியில் உட்காருபவர்கள்தான் கூடிக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் கெட்டித்தனத்தை 2021 காட்டியது. அந்த ஆண்டு மே, யூன் மாதங்களில் சீனா மைனிங்கை ஒடுக்கியபோது உலகின் பெரும் இயந்திரக் கொட்டகைகள் அணைந்தன. கட்டங்கள் தாமதமாகின. யூலை 3ஆம் திகதி புதிரின் கடினம் ஏறக்குறைய 28 சதவீதம் இறங்கியது. அதற்கு முன் ஒரே தடவையில் அவ்வளவு இறங்கியதே இல்லை. வலையமைப்பு நிற்கவில்லை. எஞ்சி ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கு, உரிமையாளர் எதுவும் செய்யாமலே வருமானம் கூடியது.

அதே ஏற்பாடு சிறியவரை எப்படி நசுக்கும் என்பதை 2013 காட்டியது. பிளாக் எரப்டர் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 பிட்கொயினுக்கு விற்கப்பட்டது. யூன் தொடக்கத்தில் கடினம் சுமார் 1.56 கோடி. அந்த நிலையில் ஒரு கருவி நாளொன்றுக்கு 0.01 பிட்கொயினுக்குச் சற்று மேல் ஈட்டும். ஆறு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று காகிதக் கணக்குச் சொன்னது. ஆனால் டிசம்பர் பிற்பகுதியில் கடினம் சுமார் 118 கோடியைத் தொட்டுவிட்டது. அந்த அளவில் அதே 2 பிட்கொயினை ஈட்ட 38 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். கருவி பழுதாகவில்லை, மின்சாரம் தடைப்படவில்லை. மற்றவர்கள் பெரிய இயந்திரம் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இன்றைய கணக்கைப் போடுவோம். வலையமைப்பின் மொத்த வேகம் 2025இல் நொடிக்கு ஒரு ஸெட்டாஹாஷ் அளவை எட்டியது. ஒன்றுக்குப் பின் 21 பூச்சியங்கள். 300 கிகாஹாஷ் கருவி அதில் 333 கோடியில் ஒரு பங்கு. ஓராண்டில் எழுதப்படும் கட்டங்களின் பரிசில் அதன் பங்கு ஏறக்குறைய 4,900 சதோஷி. பத்துக் கோடி சதோஷி சேர்ந்தால்தான் ஒரு பிட்கொயின். ஒரு பிட்கொயின் 1 இலட்சம் கனேடிய டொலர் என்று வைத்தால், ஆண்டு வருமானம் 5 டொலருக்குச் சற்றுக் குறைவு. கருவிக்குப் பத்து வாட் என்று கொண்டால் ஆண்டுக்கு 87.6 கிலோவாட் மணி. ஒன்றுக்குப் பத்துச் சதம் என்றாலும் ஹைட்ரோ பில்லில் 8 டொலர் 76 சதம் ஏறும். கருவியின் விலையை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ஐந்து டொலரும் கைக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. 0.001 பிட்கொயின் சேர்ந்த பிறகே அனுப்புவோம் என்று எல்லை வைத்திருக்கும் பூலில், கடினம் இன்றைய அளவிலேயே நின்றாலும் நீங்கள் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் சதோஷிகள் பூலின் கணக்கில் இருக்கும். இப்படிச் சிறியவர்கள் எடுக்க முடியாமல் விட்டுப்போகும் மீதிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

பிட்கொயின் பொதுமக்கள் கையில் அதிகாரம் தருகிறது என்ற முழக்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஃபவுண்ட்றி, ஆண்ட்பூல் என்ற இரண்டு பூல்கள் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட கட்டங்களை எழுதிய காலங்கள் உண்டு.

பொழுதுபோக்கா, வணிகமா?

கனடா வருமான முகவரகம் பிட்கொயினைப் பணம் என்று ஏற்பதில்லை. அதன் பார்வையில் அது ஒரு பண்டம். ஆனால் பண்டம் கைக்கு வந்த நாளின் பெறுமதியைக் கனேடிய டொலரில் எழுதி வைக்கச் சொல்கிறது. மைனிங் பொழுதுபோக்கா வணிகமா என்பதை ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்வோம் என்பது அதன் நிலைப்பாடு. இத்தனை கருவி, இத்தனை டொலர் என்று ஒரு கோட்டைப் போட்டிருந்தால் எங்களுக்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்காது.

வணிகம் என்றால், கிடைத்த அன்றே அது வருமானம். ரி2125 படிவத்தில் காட்ட வேண்டும், மின்சாரச் செலவைக் கழிக்கலாம். பொழுதுபோக்கு என்றால், விற்கும்போதோ, வேறு நாணயமாக மாற்றும்போதோ, பொருள் வாங்கும்போதோதான் மூலதன ஆதாயம் எழும். அதில் பாதி வரிக்கு உட்படும்.

சிலர் இதை வணிகமாகக் காட்டி, நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று ஆலோசனை சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2002இல் ஸ்ருவேர்ட் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வைத்த சோதனை இங்கேயும் நிற்கிறது. தனிப்பட்ட விருப்பமும் கலந்த முயற்சி என்றால், அது இலாபம் தேடி, வணிக முறையில் நடந்ததா என்று பார்ப்பார்கள். ஐந்து டொலர் ஈட்ட ஒன்பது டொலர் செலவழிக்கும் ஒற்றைக் கருவியை வணிகம் என்று நிறுவுவது கடினம். அதே கணக்கு, பயந்துபோன பெற்றோருக்கு ஆறுதலும்கூட.

மற்றக் கேள்விகள்

*சுயதொழில் செய்பவர்களுக்குக் கடைசி நாள் யூன் 15 அல்லவா?* படிவத்துக்கு ஆம். கட்ட வேண்டிய வரிக்கு ஏப்ரல் 30தான். அடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும்.

*என்ன பதிவு வைக்க வேண்டும்?* திகதி, அளவு, அன்றைய டொலர் பெறுமதி, கருவியின் ரசீது. ஆறு ஆண்டுக்கு.

*கருவிக்குக் கட்டிய 13 சதவீத எச்எஸ்ரியைத் திரும்பப் பெறலாமா?* 2022 பெப்ரவரி 5 முதல் மைனிங்குக்குப் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிட்டது.

*இரவில் மட்டும் ஓட்டினால்?* ஒன்ராறியோவின் நள்ளிரவு மலிவுக் கட்டணம் 2023 மேயில் 2.4 சதத்தில் தொடங்கியது. வருமானம் மூன்றில் ஒன்றாகும். ஆனால் அதே கட்டணத் திட்டத்தில் வாரநாள் மாலை நான்கு முதல் ஒன்பது வரை சமையலுக்குப் பத்து மடங்கு கட்ட நேரிடும்.

*வாடகை வீட்டில், மின்சாரம் வாடகைக்குள் அடக்கம் என்றால்?* வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள்.

*தனியாக மைன் செய்து முழுப் பரிசையும் வென்றவர்கள் இல்லையா?* உண்டு, 2024 யூலையில் சுமார் 3 டெராஹாஷ் வேகத்தில் ஒருவர் வென்றார். உங்கள் 300 கிகாஹாஷுக்குச் சராசரியாக 63,000 ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு.

*ஆன்ரிவைரஸ் சீஜிமைனரைத் தடுக்கிறதே?* பல மென்பொருள்கள் அப்படிச் செய்யும். அதை அணைக்கும் முன், கோப்பை உருவாக்கியவரின் பக்கத்திலிருந்தே இறக்கினீர்களா என்று உறுதிசெய்யுங்கள்.

*கிடைத்ததைப் பரிமாற்ற நிறுவனத்திலேயே விட்டுவைக்கலாமா?* 2019இல் முடங்கிய குவாட்ரிகா சீஎக்ஸில் 76,000 பேருக்கு மேல் சிக்கினார்கள். அது மோசடி என்றே ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழு 2020இல் முடிவு சொன்னது.

*அப்படியானால் வாங்கலாமா?* ஹாஷ் என்றால் என்ன, கடினம் எப்படி ஏறுகிறது என்று கையால் தொட்டுப் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், செலவைக் கல்விச் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்கேஜுக்கு வருமானம் தேடுபவர் வாங்க வேண்டாம். பத்து வாங்கினால் நட்டம் பத்து மடங்கு.