பனி போகாத பாதை

ஹந்தானை மலையில் பின்னேரம் பனி இறங்கினால் எதிரே வருபவர் முகம் தெரியாது. இழுப்புக்காரர் வீடுகளில் அவசரமாக யன்னலைச் சாத்துவார்கள், பனி நெஞ்சுக்குள் போய்விடும் என்று. குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும் என்பது சரி. ஆனால் பனித்துளி நெஞ்சுவரை போகாது. அதன் விட்டம் பெரும்பாலும் 10, 20 மைக்ரோன். அவ்வளவு பெரிய துளி மூக்கிலும் தொண்டை வளைவிலும் மோதி அங்கேயே ஒட்டிவிடும். மூச்சுக்குழாய் ஏறத்தாழ 23 முறை கிளைபிரிகிறது. அதற்குள் இறங்கித் தங்குவதற்கு 1 முதல் 5 மைக்ரோன் அளவுதான் தோது. அதிலும் சிறியதில் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும்.

அந்தப் பாதையைத் தெரிந்துவைத்திருக்கும் தூசியும் மலைநாட்டில் உண்டு. பெக்டரியில் தேயிலையைச் சலித்துத் தரம்பிரிக்கும்போது பறக்கும் பஞ்சுத்தூசியால் வரும் இழுப்பை, 'டீமேக்கர் ஆஸ்துமா' என்ற பெயரில் இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட 1970இல் எழுதினார். 1925இல் கட்டிய ஹந்தானை பெக்டரி இன்று தேயிலை அருங்காட்சியகம். அந்த இயந்திரங்களை இப்போது தும்மாமல் பார்க்கலாம்.

மருந்தையும் அதே வழியில் அனுப்பும் யோசனைக்கு மதராஸில் ஒரு வேர் இருக்கிறது. அங்கே தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் அண்டர்சன் இழுப்புக்குச் சொன்ன ஊமத்தைப் புகையை, 1802இல் ஜெனரல் ஜென்ட் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். (ஊமத்தை நஞ்சு, யாரும் முயல வேண்டாம்.) இன்றைய பம்ப் 1956இல் அமெரிக்காவில் வந்தது. ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜோர்ஜ் மேசனின் 13 வயது மகள், வாசனைத் தெளிப்பான்போல மருந்தையும் தெளிக்க முடியாதா என்று கேட்டதில் பிறந்தது அது.

பம்பின் குறை அதன் வேகம். அழுத்தியதும் சீறிவரும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் அறைந்து நின்றுவிடுகிறது. ஆகவே குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, அழுத்தும்போதே நாலைந்து வினாடி மெதுவாக உள்ளிழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது வராது, அவர்களுக்கு பம்போடு பொருத்தும் ஸ்பேசர் என்ற கூடு. அந்தக் கூட்டுக்குள் வேகம் தணிகிறது, பெருந்துளிகள் சுவரில் படிந்துவிடுகின்றன. 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் துளையிட்டு, பம்பை இடைவெளியின்றிப் பொருத்தினாலும் ஏறத்தாழ அதே பலன் என்று தென்னாபிரிக்காவில் ஹெதர் ஸாரின் குழு 1999இல் காட்டியது.

குளிகையைத் துளைத்து இழுக்கும் தூள் மருந்துக்கோ நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் தூள் உடைந்து பறக்கும். இரண்டையும் கையில் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிவிடுகிறார்கள். பழி மருந்தின் தலையில் விழுகிறது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் பம்பையும் எடுத்துப்போங்கள். டொக்டர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.