பீரோவுக்குள்ள தூங்குற கல்யாண டிவிடி: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்க



இந்த வாரம் எஸ்ஐபியும் இல்லை, டாக்ஸும் இல்லை. பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத ஒரு சொத்தைப் பத்திப் பேசலாம். உங்க வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்யாண டிவிடி இருக்குமே, அதுதான்.

எங்க அக்கா கல்யாணம் 2008-ல். மூணு டிவிடி கொண்ட செட் ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணு அக்கா வீட்டுக்குப் போச்சு, ஒண்ணு எங்க வீட்டில். அப்பா 2019-ல் தவறிட்டார். போன வருஷம் அம்மா, "அப்பா பந்தியில நின்னு எல்லாரையும் கூப்பிடுவாரே, அதை ஒரு தடவை போடேன்"னு கேட்டாங்க. அந்த இடம் ரெண்டாவது டிஸ்க்கில் இருக்கு. போட்டேன். 40 நிமிஷம் ஓடினது, அப்புறம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. அப்பாவோட குரல் பதிவான ஒரே இடம் அதுதான்.

டிஸ்க் ஏன் கெட்டுப்போகுது?

கடையில் வாங்குற சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சடிச்சது. ஸ்டூடியோ கொடுக்கிற டிவிடி அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் 'ரைட்' பண்ணினது. உள்ளே இருக்கிற ஒரு சாயப் பூச்சில் லேசர் போடுற அடையாளம்தான் உங்க வீடியோ. வெயில், சூடு, ஈரப்பதம் எல்லாம் அந்தச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். பார்க்க பளபளன்னு புதுசா இருக்கும், ஆனா ஓடாது. கீறல், கைரேகை தனிக் கணக்கு.

இன்னொரு பக்கம், புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே வர்றதில்லை. அதனால டிஸ்க் கெட்டதே நமக்குத் தெரியாது. தெரியும்போது லேட் ஆகியிருக்கும்.

செலவு எவ்வளவு?

எங்க வீட்டில் மொத்தம் 11 டிஸ்க். ஒரு கடையில் விசாரிச்சேன், டிஸ்க்குக்கு 300 ரூபாய் சொன்னாங்க. 11 டிஸ்க்குக்கு 3,300. யூஎஸ்பியில் சொருகுற டிவிடி டிரைவ் எனக்கு 1,500 ரூபாய்க்குக் கிடைச்சது. அதாவது அஞ்சு டிஸ்க்கிலேயே டிரைவ் காசு வந்துடும். உங்ககிட்ட ஒண்ணு ரெண்டு டிஸ்க்தான்னா கடையே போதும். நிறைய இருந்தா டிரைவ் வாங்குங்க, வேலை முடிஞ்சதும் சொந்தக்காரங்களுக்குக் கொடுங்க. எங்க டிரைவ் இப்போ சித்தப்பா வீட்டில் இருக்கு!

இடம் எவ்வளவு வேணும்? சாதாரண டிவிடியில் அதிகபட்சம் 4.7 ஜிபி. 11 டிஸ்க்கும் நிரம்பி இருந்தாக்கூட 52 ஜிபிக்குள்ள அடங்கிடும். இதுக்காக மட்டும் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டாம். போன் போட்டோவுக்கு வாங்கினது இருந்தா அதுவே தாராளம்.

ஒரு எச்சரிக்கை: ஆபீஸ் லேப்டாப்பில் பண்ணாதீங்க. பல கம்பெனிகளில் யூஎஸ்பியே பிளாக். அப்படி இல்லைன்னாலும், வேலையை விடும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கணும், வீடியோவும் அதோட போயிடும்.

எப்படிப் பண்றது?

1. டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் துடைங்க. நடுவில் இருந்து ஓரத்துக்கு நேரா துடைக்கணும், வட்டமா வேண்டாம்.

2. முதல்ல முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா, ஐஎஸ்ஓ இமேஜா எடுங்க. விண்டோஸில் 'இம்ஜ்பர்ன்' இலவசமா கிடைக்குது. இன்ஸ்டால் பண்ணும்போது வேற ஏதாவது சாஃப்ட்வேர் சேர்க்கவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. மேக்கில் 'டிஸ்க் யூட்டிலிட்டி'யே போதும். இது அசல் நகல், தரம் துளிகூடக் குறையாது. விஎல்சி பிளேயரில் நேரடியா ஓடும்.

3. அடுத்து, போனிலும் டிவியிலும் பார்க்க எம்பி4 காப்பி. 'ஹேண்ட்பிரேக்' இலவசம். அந்த ஐஎஸ்ஓவையே அதில் திறந்து மாத்திக்கலாம். ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிஞ்சா 'டீஇன்டர்லேஸ்' ஆன் பண்ணுங்க.

4. பழைய விசிடியா? 'எம்பெக்ஏவி'ங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்கிற 'டாட்' ஃபைல்தான் வீடியோ. அதை காப்பி பண்ணிக்கலாம், விஎல்சியில் ஓடும்.

5. காப்பி எடுத்ததும் ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்திலும் ஓட்டிப் பாருங்க. ஆடிட்டர் புத்தி, செக் பண்ணாத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

கெட்டுப்போன டிஸ்க்கை என்ன பண்ணினேன்?

டிவிடிக்குள்ள வீடியோ ஒரே ஃபைலா இருக்காது. 'விஓபி'ன்னு ஒவ்வொண்ணும் 1 ஜிபிக்கு மிகாம துண்டு துண்டா இருக்கும். எங்க ரெண்டாவது டிஸ்க்கில் அஞ்சு துண்டு. ஒவ்வொண்ணா காப்பி பண்ணிப் பார்த்தேன். மூணாவதும் அஞ்சாவதும் வரலை.

அப்போதான் அக்கா வீட்டு செட் ஞாபகம் வந்தது. அக்காகிட்ட கேட்டா, "பசங்க அதை வச்சு விளையாடி எல்லாம் கீறிட்டாங்கடா"ன்னு சொன்னா. பரவாயில்லைன்னு கூரியரில் வரவழைச்சேன். அதில் முதல் துண்டும் அஞ்சாவதும் வரலை, ஆனா மூணாவது வந்துடுச்சு! ஒரே மாஸ்டரில் இருந்து போட்ட டிஸ்க்குங்கிறதால, அதை எங்க செட்டில் அப்படியே சேர்க்க முடிஞ்சது.

அஞ்சாவது துண்டு ரெண்டிலுமே போச்சு. டிவிடியில் பதிவு நடுவில் தொடங்கி ஓரத்தில் முடியும். நாம கையால பிடிக்கிறதும் அந்த ஓரத்தைத்தான். ரிசப்ஷனோட கடைசிப் பகுதி இனி கிடையாது. ஆனா அப்பா மூணாவது துண்டில் இருந்தார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்"னு யாரையோ மிரட்டிட்டு இருக்கார். அம்மா அதை நாலு தடவை ஓட்டச் சொன்னாங்க.

டைவர்சிஃபிகேஷன்னு நான் எத்தனை வீடியோவில் பேசியிருப்பேன்! ரெண்டு காப்பி, ரெண்டு ஊரில் இருந்ததாலதான் பிழைச்சோம்.

எங்கே வைக்கிறது?

விதி சிம்பிள்: 3-2-1. மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், அதில் ஒண்ணு வேற வீட்டில். என் கணக்கு: ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, அக்கா வீட்டில் பென்டிரைவ் ஒண்ணு, பழைய டிஸ்க் ஒண்ணு. டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க, அதுவும் ஒரு காப்பிதான்.

கிளவுட்? கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபியில் மூணு ஐஎஸ்ஓதான் அடங்கும், அதுவும் ஜிமெயில் காலியா இருந்தா. 100 ஜிபி பிளானுக்கு நான் வருஷம் 1,300 ரூபாய் கட்டுறேன். விலை ஏறலைன்னாலும் பத்து வருஷத்துக்கு 13,000. அதனால எல்லாத்தையும் ஏத்த வேண்டாம், முக்கியமான எம்பி4 மட்டும் ஏத்துங்க. இன்னொண்ணு, ரெண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம். பேக்கப்புக்குன்னு புது ஐடி திறந்துட்டு மறந்துடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் நீங்கதான். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17. ஆனா பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டு உங்களோடது இல்லை. வீட்டில் பார்க்கலாம், யூடியூபில் ஏத்தினா கிளெய்ம் வரலாம். கடையில் வாங்கின சினிமா டிவிடிக்கு டிஜிட்டல் பூட்டு இருக்கும். 2012-ல் வந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறுற நோக்கத்தோட அந்தப் பூட்டை உடைக்கிறதைக் குற்றம்னு சொல்லுது. இந்தக் கட்டுரை வீட்டு வீடியோவுக்கு மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு

ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் சாகும். அதனால வருஷா வருஷம் ஐடிஆர் ஃபைல் பண்ற அன்னிக்கே அதையும் சொருகி ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

இந்த ஞாயிறு ஊருக்கு போன் பண்ணி, "அம்மா, நம்ம வீட்டு சிடி எல்லாம் எங்கே இருக்கு?"ன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். என்னென்ன கிடைச்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.