பற்றரியின் மேல் பழி

பழைய மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் முனகத் தொடங்கியதுமே புதுப் பற்றரி வாங்க ஓடுவோர் பலர். பணம் வீணாகலாம். நன்கு மின்னேற்றிய 12 வோல்ற் பற்றரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். அவ்வளவு நில்லாவிடிற் பற்றரியே நலிந்தது. எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டால் வோல்ற்றுமானி 14ஐ அண்மித்தல் வேண்டும். (6 வோல்ற் வண்டிக்கு இவற்றிற் பாதி.) உயரவில்லையா? எஞ்சினை நிறுத்தி, ஏர்த் கம்பியையும் கருகிய இணைப்புகளையும் சுரண்டித் துப்புரவாக்குக. பழைய வண்டிகளிற் பலவேளை துருவே குற்றவாளி! மின்னாக்கியின் சுருளையும் ரெகுலேற்றரையும் பின்னரே ஐயுறுக. மானி 15ஐத் தாண்டினாலோ ரெகுலேற்றர் பழுது. பற்றரி நீர் கொதித்து வற்றும். எஞ்சின் ஓடுகையிற் பற்றரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் கைவைத்தியம் மட்டும் வேண்டா. மின்னழுத்தம் திடீரென ஏறி, ரெகுலேற்றரும் விளக்குகளும் ஒருங்கே கருகிவிடக்கூடும்.