டாங்கிகளைத் தகர்க்க வந்த ஹெல்ஃபயர், தனிமனிதரைத் தேடிப் போனது எப்படி?

1991 ஜனவரி 17 அதிகாலை. ஈராக்கின் மேற்குப் பாலைவனத்தில் இரண்டு ராடார் நிலையங்கள் சில நிமிடங்களில் நொறுங்கின. வளைகுடாப் போரின் முதல் அடி அதுதான். அடித்தவை அமெரிக்காவின் அப்பாச்சி ஹெலிகாப்டர்கள். அவை ஏவியவை ஹெல்ஃபயர் ஏவுகணைகள்.

எதற்காக உருவானது?

சோவியத் டாங்கிகள் ஐரோப்பாவுக்குள் புகுந்தால் வானிலிருந்தே தடுக்க வேண்டும் என்று 1970களில் வடிவமைக்கப்பட்டது ஹெல்ஃபயர். 1980களின் நடுவில் படையில் சேர்ந்தது. எடை 50 கிலோவுக்குள். சுமார் 8 கிலோமீட்டர் வரை பாயும். இந்திய விமானப்படையின் அப்பாச்சிகளும் இதைச் சுமக்கின்றன.

எப்படிக் குறி தவறாமல் போகிறது?

இலக்கின் மீது லேசர் கதிரை விட்டுவிட்டுத் துடிக்கும்படி பாய்ச்சுவார்கள். அந்தத் துடிப்புக்கென ஒரு சங்கேதம் உண்டு. பட்டுத் திரும்பும் ஒளியில் அதே சங்கேதத்தை ஏவுகணையின் மூக்கிலுள்ள உணரி கண்டுபிடித்து, அந்தப் புள்ளியை நோக்கியே திரும்பிக்கொண்டிருக்கும். லேசரைக் காட்டுபவர் ஏவியவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தரையில் பதுங்கியிருக்கும் வீரரும் காட்டலாம். மேகமோ புகையோ மறைத்தால் குறி கலைந்துவிடும். அதற்காகவே ராடாரால் வழியறியும் லாங்போ ரகம் வந்தது.

போர்க்களம் மாறியது

2001 பிப்ரவரியில் நெவாடாவில், ஆளில்லா பிரிடேட்டர் விமானத்திலிருந்து ஹெல்ஃபயரை ஏவிச் சோதித்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் யேமனில் அல்-கொய்தா தலைவர் ஒருவர் சென்ற காரை அது எரித்தது. டாங்கியின் கவசத்தைத் துளைத்த வெடிமுனையோடு, சிதறல்களால் ஆட்களைக் கொல்லும் வெடிமுனைகளும் சேர்ந்தன. வெடிமருந்தே இல்லாமல் கத்தி அலகுகளை விரிக்கும் ரகமும் உண்டு. 2022 ஜூலை 31 அன்று காபூலில் வீட்டு மாடத்தில் நின்ற, அல்-கொய்தாவின் அப்போதைய தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரியை இரண்டு ஹெல்ஃபயர்கள் கொன்றன.

துல்லியம் யாருடையது?

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்ட் 29 அன்று, அதே நகரில் ஒரு வெள்ளை காரை அமெரிக்க ட்ரோன் பல மணி நேரம் பின்தொடர்ந்தது. காரில் ஏற்றிய தண்ணீர்க் கேன்களை வெடிகுண்டு என்று எண்ணினார்கள். ஏவிய ஹெல்ஃபயர் சரியாகக் காரின் மீதே விழுந்தது. செத்தவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டதாக அமெரிக்க ராணுவம் செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. டிசம்பரில், யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது.

ஏவுகணை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எங்கே காட்டினார்களோ அங்கே போனது. எனவே இதை வாங்கும் எந்த நாட்டிடமும் மக்கள் கேட்க வேண்டியது, எத்தனை கிலோமீட்டர் பாயும் என்பதை மட்டுமல்ல. இலக்கைத் தீர்மானிப்பது யார், அந்தத் தீர்மானம் பொய்த்துப்போனால் பதில் சொல்வது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.